ஊசி போடுமுன் ஒரு பேச்சு



தலைப்பைப் பார்த்ததும் ஐம்பது கடந்த ஆண்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள் என்று தெரியும். அதனால் வீட்டுப் பெண்கள் முதலில் படித்துவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் அவர்கள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். இந்த மாதம் புராஸ்டேட் பற்றிப் பேசப்போகிறோம். மூத்திரப்பைக்குக் கீழே, ஆண்களுக்கு மட்டும் இருக்கும் சிறு சுரப்பி அது. சர்க்கரை எவ்வளவு, பிரஷர் எவ்வளவு என்று தேக்கா நிலையத்தில் அடுத்த மேசைக்கும் கேட்கும்படி பேசும் நம் ஆட்கள், இந்த ஒன்றை மட்டும் மனைவியிடம்கூடச் சொல்வதில்லை.

இதைச் சிங்கப்பூரர்கள் எல்லாரும் ஒரே நாளில் பேசிய சமயம் ஒன்று உண்டு. 2015 பிப்ரவரி 15, ஞாயிற்றுக்கிழமை. சீனப் புத்தாண்டுக்கு நான்கு நாள்தான் இருந்தது. அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்குக்குப் புராஸ்டேட் புற்றுநோய் என்று பிரதமர் அலுவலகம் அறிவித்தது. ஜனவரியில் எடுத்த எம்ஆர்ஐ படத்தில் சந்தேகத்துக்குரிய இடங்கள் தெரிந்திருக்கின்றன. பிறகு திசு எடுத்துப் பார்த்தார்கள். 38 மாதிரிகளில் ஒன்றே ஒன்றில் புற்றணுக்கள் இருந்தன. மறுநாள் சிங்கப்பூர் பொது மருத்துவமனையில் ரோபோ உதவியோடு சிறுதுளை அறுவை சிகிச்சை நடந்தது. அவருக்கு அப்போது வயது 63. அந்த ஒரு வாரம் துணைப் பிரதமர் தியோ சீ ஹியன் பொறுப்பைப் பார்த்துக்கொண்டார். பிறகு 2024 மே வரை லீதான் பிரதமர்.

அந்த அறிவிப்பில் எனக்குப் பிடித்தது அதன் வெளிப்படைத்தன்மை. 38-இல் ஒன்று என்ற கணக்கைக்கூட மறைக்கவில்லை. நாட்டின் பிரதமரே இவ்வளவு சொல்லும்போது, நம் வீட்டுப் பெரியப்பா “சும்மா செக்கப்புக்குப் போனேன்” என்று மழுப்ப வேண்டியதில்லை.

இனி விஷயத்துக்கு வருவோம். புராஸ்டேட் பரிசோதனை என்றால் பெரும்பாலும் பிஎஸ்ஏ என்ற ரத்தப் பரிசோதனைதான். சுரப்பி சுரக்கும் ஒரு புரதம் ரத்தத்தில் எவ்வளவு கலந்திருக்கிறது என்பதை அது அளக்கிறது. ஒரு சிறு குப்பி ரத்தம் போதும், ஐந்து நிமிட வேலை. அப்படியிருந்தும் சுகாதார அமைச்சு நம்மை அழைத்துச் செய்யும் பரிசோதனைகளில் அது இல்லை. சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்புக்கு அழைக்கிறார்கள். பெருங்குடல் புற்றுநோய்க்கு மலப் பரிசோதனை, பெண்களுக்கு மார்பகப் படம், கருப்பைவாய்ப் பரிசோதனை எல்லாம் உண்டு. ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் புராஸ்டேட் முன்வரிசையில் இருக்கிறது. ஆனாலும் அதற்கு அழைப்பு வருவதில்லை.

இது அலட்சியம் இல்லை. இந்தப் பரிசோதனையால் நன்மையும் உண்டு, தொல்லையும் உண்டு. ஐரோப்பாவில் 1,60,000-க்கும் மேற்பட்ட ஆண்களை வைத்து நடந்த பெரிய ஆய்வின் 23 ஆண்டு முடிவு 2025-இல் வெளிவந்தது. பரிசோதனைக்கு அழைக்கப்பட்டவர்களிடையே இந்த நோயால் இறப்பது 13 விழுக்காடு குறைந்தது. பெருமாள் கோயில் பிஜிபி மண்டபத்தில் ஒரு கல்யாணத்துக்கு 456 ஆண்கள் வந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அத்தனை பேரையும் பரிசோதனைக்குக் கூப்பிட்டால், 23 ஆண்டுகளில் ஒருவரை இந்தச் சாவிலிருந்து காப்பாற்றலாம். அந்த ஒருவருக்காகக் கூடுதலாகப் பன்னிரண்டு பேருக்குப் “புற்றுநோய்” என்று சொல்ல வேண்டியிருக்கும். அவர்களில் பலருக்கு அந்த நோய் சாகும்வரை ஒரு தொந்தரவும் தந்திருக்காது. புராஸ்டேட் புற்றுநோயில் பாதிக்கு மேல் ஆமை வேகம்.

சிகிச்சைக்குப் பக்கவிளைவு இருப்பதால்தான் இந்தக் கணக்கு முக்கியமாகிறது. சிறுநீர் கசியலாம், ஆண்மைக் குறைவும் வரலாம். ஐம்பத்தெட்டு வயதில் ஒருவருக்கு இவை சின்ன விஷயமில்லை. இப்போது மருத்துவர்கள் முன்னைப்போல் அவசரப்படுவதில்லை. ஊசி குத்தித் திசு எடுக்குமுன் எம்ஆர்ஐ பார்க்கிறார்கள். ஆபத்துக் குறைவான கட்டி என்றால் அறுக்காமல், அவ்வப்போது ரத்தமும் படமும் எடுத்துக் கண்காணிக்கிறார்கள். பிரிட்டனில் கண்காணிப்பு, அறுவை, கதிர்வீச்சு என 1,643 பேரை மூன்றாகப் பிரித்துப் பதினைந்து ஆண்டுகள் பார்த்த ஆய்வு 2023-இல் முடிவைச் சொன்னது. மூன்று குழுவிலும் நூற்றுக்குச் சுமார் மூன்று பேர்தான் இந்த நோயால் இறந்திருந்தார்கள். சீக்கிரம் தெரிந்தால் உடனே கத்தி வைக்க வேண்டும் என்ற பயத்திலேயே பரிசோதனைக்குப் போகாதவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்படியென்றால் எடுக்கலாமா, வேண்டாமா? என் கருத்து இது: ஐம்பத்தைந்திலிருந்து அறுபத்தொன்பது வரை உள்ளவர்கள் மருத்துவரிடம் உட்கார்ந்து பேசிவிட்டு முடிவெடுக்கலாம். அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ இருந்திருந்தால் அபாயம் ஏறக்குறைய இரட்டிப்பு. நாற்பத்தைந்திலேயே அந்தப் பேச்சைத் தொடங்கிவிட வேண்டும். எழுபதுக்கு மேல் வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்று அமெரிக்க வழிகாட்டுக் குழு 2018-இல் சொன்னது. ஆனால் 2025 மே மாதம் முன்னாள் அதிபர் ஜோ பைடனுக்கு எலும்புவரை பரவிய நிலையில் இந்த நோய் தெரியவந்தது. கடைசியாக அவர் பிஎஸ்ஏ பார்த்தது 2014-இல் என்று அவர் தரப்பு சொன்னது. வழிகாட்டுதல்படி அதைத் தவறென்று சொல்லிவிட முடியாது. வழிகாட்டுதல் கூட்டத்துக்கு எழுதப்படுவது. நம் உடம்பு ஒற்றை உடம்பு.

எனக்கு எரிச்சல் வருவது வேறோர் இடத்தில். நிறுவனங்கள் ஊழியர்களுக்குத் தரும் உடற்பரிசோதனைத் தொகுப்பு இருக்கிறதே, அதில் கல்லீரல், தைராய்டு எல்லாவற்றோடும் பிஎஸ்ஏவும் சேர்ந்துவிடுகிறது. யாரும் விளக்குவதில்லை. நாலு பக்க அறிக்கையின் கடைசி வரியில், எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சிறு நட்சத்திரக் குறி. அதைப் பார்த்ததும் அந்த மனிதருக்கு ராத்திரித் தூக்கம் போய்விடுகிறது. நாலுக்கு மேல் போனால் புற்றுநோய் என்று இணையத்தில் படித்திருப்பார். உண்மையில் எண் ஏறக் காரணங்கள் பல. வயதாக ஆகச் சுரப்பி சாதாரணமாகவே பெருக்கும். சிறுநீர்த் தொற்று வந்தாலும் ஏறும். பரிசோதனைக்கு முந்தைய இரண்டு நாளில் தாம்பத்தியம், நெடுந்தூரம் சைக்கிள் மிதிப்பது இவற்றாலும் ஏறலாம். அதனால் சில வாரம் கழித்து இன்னொரு முறை பார்ப்பதுதான் முதல் வேலை.

எண் பொய்யாகக் குறையவும் செய்யும். முடி உதிர்வதற்கும் புராஸ்டேட் வீக்கத்துக்கும் கொடுக்கும் ஃபினாஸ்டரைட் மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிட்டால் பிஎஸ்ஏ ஏறத்தாழ பாதியாகிவிடும். வழுக்கைக்கு மாத்திரை போடுவதை மருத்துவரிடம் சொல்லக் கூச்சப்பட்டால், 5 இருக்க வேண்டிய எண் 2.5 என்று காட்டி எல்லாரையும் ஏமாற்றும். தலைமுடி விஷயத்தில் வெட்கம் வேண்டாம், ஐயா.

ராத்திரி மூன்று நாலு தடவை எழுந்து கழிவறைக்குப் போவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது பெரும்பாலும் வயதால் சுரப்பி பெருத்ததால்தான். தொடக்கநிலைப் புற்றுநோய் சத்தமே போடாது. பிரிட்டன் மன்னர் சார்ல்ஸ் 2024 ஜனவரியில் சிகிச்சைக்குப் போனதும் இந்தச் சாதாரண வீக்கத்துக்குத்தான். அவர் அதைச் சொன்னதும் அந்நாட்டு ஆண்கள் இதைத் தேடிப் படிக்கத் தொடங்கினார்கள். தொந்தரவு இருந்தால் பலதுறை மருந்தகத்துக்குப் போங்கள், மருந்து இருக்கிறது. சிறுநீரில் ரத்தம் தெரிந்தால் மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம்.

சாப்பாட்டுக்கு வருவோம், வாட்ஸ்அப்பில் அதிகம் பறப்பது இதுதான். தக்காளியில் லைகோபீன் இருக்கிறது, புராஸ்டேட்டைக் காக்கும் என்பார்கள். எண்ணெயில் வதங்கிய தக்காளியில் அது உடம்பில் நன்றாகச் சேரும் என்பது உண்மை. நம் தொக்கும் ரசமும் அந்த வகையில் நல்லவைதான். ஆனால் நோயைத் தடுக்கும் என்று உறுதியாகச் சொல்லச் சான்று போதாது. கண்காணிப்பில் இருந்த 478 பேரில் ஒரு பாதிக்குக் காய்கறியைக் கூட்டிச் சாப்பிடவைத்த அமெரிக்க ஆய்வு 2020-இல் வெளிவந்தது. நோய் முற்றும் வேகத்தில் வித்தியாசம் இல்லை. முஸ்தபாவில் அடுக்கடுக்காக நிற்கும் மாத்திரை டப்பாக்களுக்கு முன் இன்னும் ஜாக்கிரதை. வைட்டமின் இ காக்கும் என்று நம்பி 35,000 பேருக்கு மேல் வைத்துத் தொடங்கிய ஆய்வை 2008-இல் பாதியில் நிறுத்தினார்கள். 2011-இல் வந்த கணக்கில், அதைச் சாப்பிட்டவர்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் 17 விழுக்காடு கூடியிருந்தது.

அதனால் சாப்பாட்டில் கவனம் வேண்டியதில்லை என்று அர்த்தமில்லை. தொந்தி பெருத்தவர்களுக்கு முற்றிய வகைப் புராஸ்டேட் புற்றுநோய் வரும் அபாயம் கூடுதல். அதைவிட முக்கியம், சிங்கப்பூர் இந்திய ஆண்களுக்குச் சர்க்கரையும் இதய நோயும்தான் பெரிய எதிரி. புராஸ்டேட்டுக்குப் பயந்துகொண்டு மாரடைப்பில் போவது நம் ஊரில் நடப்பதுதான். சிராங்கூன் சாலையில் காலை எட்டு மணிக்குத் தே கலக்குபவரைக் கொஞ்சம் நின்று பாருங்கள். கெட்டிப்பாலை முதலில் ஊற்றுவார், கரண்டி அதில் நிற்கும். மேலே தேயிலைச் சாறு. பிறகு இரண்டு கோப்பைக்கு நடுவே ஓர் ஆற்று. பக்கத்தில் இரண்டு பிராட்டா, ஆட்டுக்குழம்பு. பாட்டில் பானங்களுக்கு 2022 டிசம்பர் இறுதியிலிருந்து சர்க்கரைத் தரக்குறி போடுகிறார்கள். கோப்பையில் வரும் தேயில் எவ்வளவு சீனி என்பதை நாம்தான் கவனிக்க வேண்டும். சீனியில்லாத “தே சி கோசோங்” கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஒரு மாதம் சப்பென்று இருக்கும், பிறகு பழையதுதான் திகட்டும். தட்டில் பாதிக்குக் காயும் பழமும் என்று சுகாதார மேம்பாட்டு வாரியம் சொல்வதற்கு வாழையிலைச் சாப்பாடு தோதானது. பொரியலை இன்னொரு தடவை கேட்டு, சோற்றை ஒரு தடவையோடு நிறுத்தினால் போதும்.

இந்த இதழில் சிறுநீரியல் மருத்துவர் ஒருவர் நீங்கள் கேட்கக்கூடிய பத்துக் கேள்விகளுக்குப் பதில் எழுதியிருக்கிறார். மேற்கொண்டு சந்தேகம் இருந்தால் எங்களுக்கு எழுதுங்கள். பெயர் வேண்டாம். வயது, சாப்பிடும் மருந்துகள், அப்பாவுக்கோ சகோதரருக்கோ இருந்ததா என்ற மூன்றும் போதும். கணவர் எழுதாவிட்டால் மனைவி எழுதலாம். அடுத்த மாதம் அந்த மருத்துவரே பதில் சொல்வார்.

அன்புடன்,
ஆசிரியர்