5000 வருஷக் கதையும் 60 வினாடி அறிமுகமும்

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு, காரமும் ஜாஸ்தி. எனக்கு ஆடத் தெரியாது, நான் பொட்டி தட்டுறவன். தப்பு இருந்தா பின்னூட்டத்துல தாராளமா குட்டுங்க.

போன மாசம் ஆபீஸ்ல ஆண்டு விழா. தமிழ்ல நாலு வரி எழுதுவான்னு பேர் வாங்கி வெச்ச பாவத்துக்கு, அறிவிப்பாளருக்கு வசனம் எழுதுற ஆணி என் தலையில விழுந்துச்சு. 'உலக நடனங்கள்'னு ஒரு நிகழ்ச்சி. டாங்கோ, கபோய்ரா, பரதநாட்டியம். ஒவ்வொண்ணுக்கும் 60 வினாடி அறிமுகம்: எங்க பிறந்துச்சு, யார் ஆடினாங்க.

டாங்கோவுக்கு எழுதினேன். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில பியூனஸ் அயர்ஸ், மாண்டிவிடியோ நகரங்களோட ஏழைக் குடியிருப்புகள்ல பிறந்தது. ஐரோப்பாவுல இருந்து பிழைக்க வந்தவங்களும், ஆப்பிரிக்க அடிமைகளோட வாரிசுகளும் சேர்ந்து உருவாக்கினது. பெரிய வீட்டுக்காரங்க முகம் சுளிச்சாங்க. 1913 வாக்குல பாரிஸ் தலையில தூக்கி வெச்சு ஆடினப்புறம்தான் சொந்த ஊர்லயே மரியாதை. 2009ல யுனெஸ்கோ பட்டியல். மேலிடம் படிச்சுது. "சூப்பர்!"

கபோய்ராவுக்கு எழுதினேன். பிரேசில்ல ஆப்பிரிக்க அடிமைகள் வளர்த்த கலை, பாதி ஆட்டம், பாதி சண்டை. 1890ல வந்த தண்டனைச் சட்டத்துல அது ஒரு குற்றம், ஆடினா ஜெயில். 1932ல மெஸ்ட்ரே பிம்பா அதுக்குன்னு பள்ளி ஆரம்பிச்சார். 2014ல அதுவும் யுனெஸ்கோ பட்டியல்ல. "செம இன்ஸ்பைரிங்!"

பரதநாட்டியத்துக்கு எழுதினேன். "சதிர் என்ற பெயரில் தேவதாசிகளும் நட்டுவனார்களும் தலைமுறை தலைமுறையாகக் காத்து வளர்த்த கலை." ஒரே கோடு, முழு வரியும் அவுட். "குடும்பத்தோட வர்ற விழாங்க, அந்த வார்த்தை வேணாமே." அதுக்குப் பதிலா வந்த வரி: "5000 ஆண்டுகள் பழமையான தெய்வீகக் கலை."

கவனிச்சீங்களா மக்களே? அடிமை வரலாம். ஜெயிலுக்குப் போனவன் வரலாம். அர்ஜென்டினாக்காரனோட பாட்டி எந்தச் சந்துல ஆடியிருந்தாலும் நமக்குக் கைதட்ட ஆட்சேபணை இல்ல. நம்ம ஊர்ப் பாட்டி மட்டும் மேடைக்கு வரக்கூடாது!

சரி, அந்த 5000 கணக்கையே பாப்போம். பரத முனியோட நாட்டிய சாஸ்திரத்துக்கே ஆராய்ச்சியாளர்கள் சுமார் 2000 வருஷம்தான் சொல்றாங்க. மீதி 3000 யார் வீட்டுக் கணக்கு? "சிலப்பதிகாரத்துலயே இருக்கு"ன்னு ஒருத்தர் வருவார். இருக்கு, வாங்க. அங்க அரங்கேறினது யாரு? மாதவி. அவ எந்தக் குலம்? கணிகையர் குலம். ஆதாரத்துக்கு அவ வேணும், அறிமுகத்துக்கு மட்டும் வேணாமா?

இன்னிக்கு அரங்கேற்றத்துல அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானான்னு ஒரு வரிசை போகுதே, அது முனிவர் கொடுத்தது இல்ல. அதை ஒழுங்கு பண்ணினவங்க தஞ்சை நால்வர்: சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துல தஞ்சாவூர் மராட்டிய அரசவையில இருந்த நட்டுவனார் குடும்பத்து அண்ணன் தம்பிங்க.

'பரதநாட்டியம்'ங்கற பேரு சதிரோட ஒட்டிக்கிட்டது 1930கள்ல. மியூசிக் அகாடமியில 1931ல கல்யாணியோட பொண்ணுங்க ஆடினாங்க. அவங்களை மேடையேத்தப் பாடுபட்டவர் இ. கிருஷ்ண ஐயர். ருக்மிணி தேவி பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளைகிட்ட கத்துக்கிட்டு 1935ல ஆடினாங்க, 1936ல கலாக்ஷேத்ரா வந்துச்சு. ருக்மிணி தேவியை வில்லியாக்க நான் வரல. அவங்களே மயிலாப்பூர் கௌரி அம்மாளையும் மீனாட்சிசுந்தரம் பிள்ளையையும் குருன்னுதான் சொன்னாங்க. அவங்களுக்குப் பின்னாடி வந்த நாமதான் குருவை விட்டுட்டு முனிவரைப் பிடிச்சுக்கிட்டோம்.

இப்ப எதிர்பார்க்கற பின்னூட்டங்களுக்கு முன்கூட்டியே பதில்.

1. "அப்ப தேவதாசி முறை நல்லதுன்னு சொல்றியா?"

சத்தியமா இல்ல. அதை எதிர்த்து 1920கள்லயே சட்டசபையில போராடின டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியோட அம்மா அந்தச் சமூகத்துல பிறந்தவங்க. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் அந்தக் கொடுமையை உள்ளேயே இருந்து பார்த்தவங்க, 1936ல அதை வெச்சு ஒரு நாவலே எழுதினாங்க. 1947ல பொட்டுக்கட்டுறதைத் தடுத்துச் சட்டம் வந்தது நியாயம். ஆனா முறையை ஒழிக்கறது வேற, ஆடினவங்க பேரை அழிக்கறது வேற. நம்ம பாஷையில சொன்னா, பக்கை சரி பண்ணு, கமிட் ஹிஸ்டரியில எழுதினவங்க பேரைத் தூக்காதே. கோடு முழுக்க அவங்களோடது, மேல காப்பிரைட் மட்டும் முனிவர் பேர்லயா?

2. "பழைய ஆட்டம் ஆபாசம், சுத்தம் பண்ணித்தான் மேடையேத்தினாங்க."

இந்த ஒரு வரிதான் எனக்கு ரொம்ப எரியுது. வீணை தனம்மாளோட பேத்தி பாலசரஸ்வதி (1918-1984) அந்தப் பரம்பரையில வந்தவங்க. சிருங்காரத்தை வடிகட்ட மாட்டேன், அதுதான் இந்தக் கலைக்கு உயிர்னு கடைசி வரைக்கும் நின்னாங்க. சத்யஜித் ராய் 1976ல அவங்களைப் பத்தி ஆவணப்படம் எடுத்தார். 1977ல பத்ம விபூஷண். எதை யார் சுத்தம் பண்ணினாங்களாம்?

3. "பழமைன்னு சொன்னா நம்ம ஊருக்குப் பெருமைதானே?"

பழமை வேணுமா? தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போங்க. ராஜராஜன் குடியமர்த்தின 400 தளிச்சேரிப் பெண்டுகளோட கல்வெட்டு அங்க இருக்கு. ஒவ்வொருத்தி பேரு, எந்த ஊர்க் கோயில்ல இருந்து வந்தா, எந்தச் சிறகுல எத்தனாவது வீடு, எல்லாம் வெட்டி வெச்சிருக்கான். ஆளுக்கு வருஷம் 100 கலம் நெல். நட்டுவம் செய்யறவங்களுக்கும் தனியா பங்கு. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி ஒரு ராஜாவுக்கு அவங்க பேரைக் கல்லுல வெட்டக் கூச்சம் இல்ல. நமக்கு மைக்குல சொல்லக் கூச்சம்.

விழா முடிஞ்சதும், ஆடின பொண்ணுகிட்ட நான் எழுதின பழைய தாளைக் கொடுத்தேன். படிச்சுட்டுச் சொன்னாங்க: "பன்னெண்டு வருஷம் கத்துக்கிட்டேன். இந்த வரிசையைப் போட்டது யாருன்னு இன்னிக்கு வரைக்கும் நான் கேட்டதே இல்ல." தாளை மடிச்சுப் பையில வெச்சுக்கிட்டாங்க. எனக்கு அது போதும்.

உங்ககிட்டயும் இந்த மாதிரி ஆணி வரும், பள்ளிக்கூட விழாவோ சங்க விழாவோ. 60 வினாடியில ஒரு பேராவது சொல்லுங்க. பொன்னையான்னு சொல்லுங்க, கௌரி அம்மாள்னு சொல்லுங்க. குடும்பத்தோட வந்தவங்க யாரும் எழுந்து போயிட மாட்டாங்க.

பி.கு: அந்த '5000 வருஷ' அறிமுகம் 20 வினாடியில முடிஞ்சுடுச்சு. மீதி 40 வினாடி "ஹலோ, மைக் டெஸ்டிங்" :-)