திமிங்கிலம் பார்க்கும் முறைமை

விடுமுறையென்றால் நுவரெலியாவின் குளிரையும் கதிர்காம யாத்திரையையும் மட்டும் எண்ணிய காலம் போய், படகேறிக் கடலிற் சென்று திமிங்கிலங்களையும் கடற்பறவைகளையும் கண்டு வருவதை ஒரு பேறாகக் கொள்ளுங் காலம் வந்துள்ளது. இப்பழக்கம் நன்றோ தீதோ என்பது பற்றிப் பழைய மாணவரிடையே இருவேறு கருத்துக்கள் வழங்குகின்றன. அது செல்வர்தம் களியாட்டு என்பர் ஒருசாரார். ஊருக்கு வருவாய் தரும் தொழில் எதுவாயினும் நன்றே என்பர் மற்றொரு சாரார். இவ்விரண்டும் முழு உண்மையாகா என்பது நம் துணிபு. காண்பது நன்று, ஆயின் காண்பதற்கு ஒரு முறைமையுண்டு. திருக்கோணமலைக் கடலைப் பொறுத்தவரை அம்முறைமையை நிலைநாட்டும் கடப்பாடு, இக்கரையிலே கற்று வளர்ந்த நமக்கும் உரியது.

முதற்கண் நம் கடலின் பெருமையை அறிதல் வேண்டும். மகாவலி கங்கை வந்து கலக்கும் கொட்டியாரக் குடாவிலிருந்து கடலடியிலே ஆழ்ந்ததொரு பள்ளத்தாக்குப் புறப்படுகின்றது. உலகத்துக் கடலடிப் பள்ளத்தாக்குகளுட் பெரியனவற்றுள் இதுவும் ஒன்று. பிறவிடங்களிற் பெருங்கடலின் ஆழத்தை எட்டுவதற்கு நெடுந்தூரம் படகோட்டல் வேண்டும். இங்கோ ஆழமே கரையை நாடி வந்து நிற்கின்றது. ஆழ்கடலில் உலவும் விலங்குகளும் அதனோடு கரையண்டை வருகின்றன. கோணேசப் பெருமான் கோயில் கொண்டருளும் குன்றின்மீது நின்று இராவணன் வெட்டைக் குனிந்து பார்க்கும் அடியார்கள், சற்றே தலைநிமிர்ந்து தொடுவானை நோக்குவாராயின், நற்பேறுள்ள நாட்களிலே நீலத் திமிங்கிலத்தின் மூச்சு வெண்ணிறத் தூணாக எழுந்து கலைவதைக் காண்பர்.

நாமறிந்த விலங்குகள் யாவற்றுள்ளும் பெரியது நீலத் திமிங்கிலம். நம் கடலில் வாழ்வனவும் 20 மீற்றருக்கு மேல் நீளுவன. இத்துணைப் பெரிய உடம்பைத் தாங்குவதோ கூனியின் இனத்தைச் சேர்ந்த சிற்றிறால்! நம் சந்தையிலே கருவாட்டுக் கடைக்காரர் சுண்டாற் படியளந்து விற்கும் அச்சிறு பொருளின் சுற்றத்தை உண்டே உலகின் பேருயிர் வாழ்கின்றது. மற்றுமொரு வியப்புமுண்டு. பிற கடல்களிலுள்ள நீலத் திமிங்கிலங்கள் பல, உணவின் பொருட்டுத் துருவத்தை அடுத்த குளிர்க்கடல்களுக்குச் சென்று மீள்வன. நம் கடலைச் சார்ந்தனவோ ஆண்டு முழுவதும் வெப்பக் கடலிலேயே தங்கி வாழ்கின்றன. இவ்வுண்மையை உலகறியச் செய்தோருள் முன்னிற்பவர் நம் நாட்டுக் கடல் உயிரியலாளர் ஆஷா டி வொஸ் அம்மையார். போதிய பொருளும் வசதியும் இல்லாத சிறு நாட்டிலிருந்தும் பேரறிவு தோன்றலாம் என்பதற்கு அவரது வாழ்வு சான்றாகும்.

இவ்விலங்குகள் நம் காலம்வரை எஞ்சியிருப்பது தற்செயலன்று. 1960களில் சோவியத் நாட்டு வேட்டைக் கப்பல்கள் வட இந்து சமுத்திரத்திலே ஆயிரத்துக்கு மேற்பட்ட நீலத் திமிங்கிலங்களைக் கொன்று, அச்செய்தியை உலகுக்கு மறைத்தன. 1979 இல் சருவதேசத் திமிங்கில வேட்டை ஆணையம் இந்து சமுத்திரத்தைத் திமிங்கிலங்களுக்குரிய புகலிடமாகப் பிரகடனஞ் செய்தது. அதன் பயனாக 1980களின் தொடக்கத்திலே 'ரியூலிப்' என்னும் பாய்க்கப்பலில் ஆராய்ச்சியாளர் வந்து, திருக்கோணமலைக்கப்பால் எண்ணெய்த் திமிங்கிலங்களின் வாழ்க்கையைக் கொல்லாது கற்றனர். பின்னர் எழுந்த போர் கிழக்குக் கடலை மூடிற்று. மீன்பிடிப்போரே அஞ்சி அஞ்சிச் சென்ற கடலிலே உல்லாசப் படகுக்கு இடமேது? 2009 இல் போர் முடிந்தபின்னரே இக்கடல் மீண்டும் காண்போர்க்குத் திறந்தது. ஆதலின் இத்தொழில் தெற்கிலும் பார்க்க நம்மிடத்து இளையது. இளையதாதலின் இன்னும் வளைத்துத் திருத்தக்கது.

திருத்தம் எதற்கு என வினவலாம். தெற்கே மிரிஸ்ஸவில் 2008 ஆம் ஆண்டளவில் இத்தொழில் தொடங்கி விரைந்து பெருகிற்று. பெருகிய வேகத்திலே ஒரு திமிங்கிலத்தைப் பல படகுகள் சூழ்ந்து துரத்தும் நிலையும் நேர்ந்தது. 2012 இல் அரசாங்கம் ஒழுங்குவிதிகளைப் பிறப்பித்து, திமிங்கிலத்துக்கும் படகுக்கும் இடையே 100 மீற்றர் தூரம் இருத்தல் வேண்டுமென விதித்தது. விதி நன்று. எனினும் நடுக்கடலிலே காவலர் நிற்பதில்லை. பணங் கொடுத்து வந்தவர், 'இன்னும் கிட்டப் போ' என்று வற்புறுத்தினால் ஓட்டுநர் யாது செய்வார்? விதியை மீறும் கை ஓட்டுநருடையதாயினும், அதனை மீறத் தூண்டும் நாவு பயணியுடையதே.

திமிங்கிலம் மீனன்று, நம்மைப்போல மூச்சுவிட்டு, குட்டியீன்று, பாலூட்டும் உயிர். ஆழத்திலே இரைதேடிக் களைத்து மேலே வருவது மூச்செடுப்பதற்காக. அவ்வேளையிலே இயந்திரத்தை முடுக்கிக்கொண்டு அதன்மீது பாய்வது, உழைத்து வந்து உண்ணக் குந்தியவனை இலையிலிருந்து எழுப்புவதை ஒக்கும். அவை தம்முட் பேசிக்கொள்ளும் தாழ்ந்த ஒலிகளும் இயந்திர இரைச்சலிலே அமிழ்ந்து போகின்றன. படகுகள் இவ்வாறு துன்புறுத்த, பெருங்கப்பல்கள் மோதிக் கொல்கின்றன. தேவேந்திர முனைக்குத் தெற்கேயுள்ள கப்பற்பாதை உலகிலே நெருக்கடி மிக்க பாதைகளுள் ஒன்று. 2012 இல் ஒரு கப்பல் தன் முகப்பிலே நீலத் திமிங்கிலத்தின் உடலைத் தாங்கியவாறே கொழும்புத் துறைமுகத்துள் நுழைந்தது. பாதையைச் சற்றுத் தெற்கே விலக்கினால் இவ்விடர் பெரிதும் குறையும் என ஆராய்ந்தோர் கூறினர். 2022 இல் உலகின் பெருங் கப்பற் கம்பனியொன்று தானாகவே தன் கப்பல்களைத் தெற்கே விலக்கிச் செலுத்தத் தொடங்கிற்று. சட்டத்துக்குக் காத்திராது நன்மை செய்யவுங் கூடும் என்பதற்கு இது சான்று.

வேறொரு குறையும் சொல்லற்பாலது. திமிங்கிலத்தையே தேடிச் செல்வோர், தலைக்குமேற் பறப்பதை நோக்காது திரும்புகின்றனர். நம் கடற்றொழிலாளர் அவ்வாறல்லர். அவர்கள் முதலில் நோக்குவது பறவையையே. ஆலாக்கள் கூட்டமாய்ச் சுழன்று நீரில் விழுமிடத்து மீனுண்டு என்பது அவர்கள் ஏட்டிற் படியாத பாடம். தென் துருவத்தை அடுத்த தீவுகளிலும் கரைகளிலும் குஞ்சு பொரிக்கும் சின்னஞ்சிறு புயற்பறவை, 40 கிராம் அளவேயான உடம்போடு நம் நாட்டுக் கடல்வரை வந்து, அலையின்மேற் கால் தோய நடப்பதுபோலப் பறந்து இரைகொள்கின்றது. திமிங்கிலம் ஒளித்துக்கொண்ட நாளிலும் இவற்றைக் கண்டவன் வெறுங்கையனாய்த் திரும்பான்.

'இவ்வாறெல்லாம் கட்டுப்பாடு வைத்தால் ஏழைப் படகுக்காரரின் வயிறு காயும்' என்பார் உளர். அவர் கூற்றைப் புறக்கணித்தலாகாது. போராலும் 2004 இன் ஆழிப்பேரலையாலும் இக்கரையோரம் பட்டபாடு நாம் கண்டதே. ஆனால், துரத்தப்படும் விலங்கு விரைந்து அமிழ்கின்றது. இயந்திரம் தணிந்து ஒதுங்கி நிற்கும் படகினர்க்கே அதனை நெடுநேரம் காணும் வாய்ப்பு மிகுதி. விலங்கு அஞ்சி அகன்ற கடலிலே எவர்தாம் படகேறுவர்? நமக்கு அணித்தேயுள்ள புறாமலைத் தீவை நினைக. 2003 இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட அத்தீவின் முருகைக் கற்கள், பின்னாளிற் பார்க்க வந்தவர் காலடியிலேயே நொறுங்கின. முதலை உண்பவனுக்கு வட்டி ஏது?

ஆகவே நாம் மூன்று கருமங்களை முன்வைக்கின்றோம். ஒன்று, பழைய மாணவர் சங்கத்தார் ஆண்டுதோறும் வாடைக்காற்று ஓய்ந்து கிழக்குக் கடல் அமைதியுறும் மார்ச்சு முதல் ஆகத்து வரையான காலத்தில், உயர்வகுப்பு மாணவரை முதலிற் கோணேசர் குன்றுக்கும், பின்னர் கடலுக்கும் அழைத்துச் செல்லல் வேண்டும். தொலைநோக்குக் கண்ணாடிகள் சில வாங்கிக் கொடுப்பது நம் கைக்கு எட்டாத செலவன்று. இரண்டு, அப்பயணத்திலே வழிகாட்டியாகவும் ஆசானாகவும் அமர்பவர் ஒரு மூத்த கடற்றொழிலாளராக இருத்தல் வேண்டும்; அவருக்குரிய ஊதியமும் மரியாதையும் குறைவற வழங்கப்படல் வேண்டும். மூன்று, கண்ட நாள், நேரம், இடம், எண்ணிக்கை, பறவை வகை ஆகியவற்றைப் பதியும் ஏடொன்று கல்லூரி நூலகத்திலே இருத்தல் வேண்டும். இருபது ஆண்டு தவறாது எழுதப்பட்ட ஏடு, எந்தப் பல்கலைக்கழகத்தாரும் தேடிவந்து பார்க்கும் செல்வமாகும்.

பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு இஃதொரு வீண்பொழுது என்று பெற்றோர் சிலர் எண்ணக்கூடும். ஆபிரிக்கச் சிங்கத்தையும் அவுத்திரேலியக் கங்காருவையும் படத்திற் கண்டு விடையெழுதும் பிள்ளை, தன் ஊர்க்குன்றிலிருந்து தெரியும் பேருயிரை அறியாதிருப்பது எவ்வகைக் கல்வி? இனி உறவினரோ நண்பரோ விடுமுறைக்கு வந்து, 'திமிங்கிலம் பார்க்கப் போவோமா?' என்று கேட்குங்கால், பழைய மாணவர் ஒவ்வொருவரும் படகிற் காலெடுத்து வைக்குமுன் ஓட்டுநரிடத்து ஒரு வார்த்தை சொல்வாராக: "தம்பி, கிட்டப் போகவேண்டாம், இயந்திரத்தைத் தணித்துவிட்டு நில்லுங்கள், கண்டால் காண்போம், காணாவிட்டாலும் பேசிய கூலியைத் தருவோம்." இவ்வொரு வார்த்தைக்கு எச்சட்டமும் வேண்டியதில்லை.