திருத்தாத பிரதி

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒவ்வொரு பாடத்துக்கும் இரண்டு நோட்டுப் புஸ்தகங்கள் வைத்திருப்பார்கள். ஒன்று உபாத்தியாயர் பார்ப்பதற்கு. மற்றொன்று அவர் பார்க்காமலிருப்பதற்கு. முதல் நோட்டில் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ஓரத்தில் சிவப்புக் கோடு கூடப் போட்டிருக்கும். ஆனால் அதில் உள்ள கட்டுரையில் பாதி அண்ணனுடையது, கால்வாசி உரை நூலாசிரியருடையது. பையன் சொந்தமாக யோசித்தது எங்கே என்று தேடினால் அந்த இரண்டாவது நோட்டில்தான் அகப்படும். அடித்தலும் திருத்தலுமாக, நடுவில் ஒரு குதிரைப் படத்துடன், அங்கேதான் அவன் மூளை வேலை செய்திருக்கும்.

சங்கீத வித்துவான்களுக்கும் இப்படி ஒரு இரண்டாவது நோட்டு உண்டு. மேல்நாட்டில் அதை "டெமோ" என்கிறார்கள். பாட்டு ஒன்று பிறந்தவுடன், மறந்து போவதற்கு முன், கைக்கு எட்டிய வாத்தியத்தை வைத்துக்கொண்டு அவசரமாகப் பாடிப் பதிவு செய்து கொள்ளும் மாதிரிப் பதிவு அது. பிற்பாடு பக்க வாத்தியங்களைச் சேர்த்து, பிசிறுகளை நீக்கி, மெருகேற்றி இசைத்தட்டாக வெளியிடுவார்கள். மாதிரிப் பதிவு பெட்டிக்குள் போய்விடும். அப்படி முப்பது வருஷம் பெட்டியில் கிடந்து, 2017-ம் வருஷம் மார்ச் மாதம் வெளிவந்த ஒரு பதிவைப் பற்றி இந்த வாரம் எழுத உத்தேசம். பாடியவர்கள் இருவர்: பால் மக்கார்ட்னி, எல்விஸ் கோஸ்டெல்லோ.

மக்கார்ட்னியை நேயர்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. "பீட்டில்ஸ்" கோஷ்டியின் நால்வரில் ஒருவர். 1942-ல் லிவர்பூல் நகரில் பிறந்தவர். அந்தக் கோஷ்டியின் பாட்டுக்களில் பெரும்பாலானவற்றை அவரும் ஜான் லென்னனுமாகவே இயற்றினார்கள். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு, போர்த்லின் ரோடு என்னும் தெருவில் இருந்த மக்கார்ட்னியின் சிறிய வீட்டில் இருவரும் எதிரெதிராக உட்கார்ந்து கிதாரை மீட்டிக்கொண்டு பாட்டுக் கட்டுவார்களாம். மக்கார்ட்னி இடது கைப் பழக்கமுள்ளவர்; ஆகையால் எதிரே இருக்கும் லென்னனைப் பார்ப்பது கண்ணாடியில் தம்மையே பார்ப்பது போல இருந்ததென்று அவர் சொல்லியிருக்கிறார். வார்த்தைகளைப் பள்ளிக்கூட நோட்டில் எழுதிக் கொள்வார்கள். (எந்த உபாத்தியாயருடைய பாடத்துக்காக வாங்கிய நோட்டோ, பாவம்!) மெட்டை எழுதி வைக்க வழியில்லை, இருவருக்கும் சங்கீதக் குறியீடு தெரியாது. பதிவு செய்யக் கருவியும் கையில் இல்லை. மறுநாள் காலையில் மெட்டு ஞாபகம் இருந்தால் அது நல்ல பாட்டு. மறந்துவிட்டால் மறக்கத் தகுந்த பாட்டு. இதுதான் அவர்களுடைய பரீக்ஷை.

1970-ல் கோஷ்டி கலைந்தது. 1980 டிசம்பரில் நியூயார்க் நகரில் லென்னனைச் சுட்டுக் கொன்றார்கள். மக்கார்ட்னியின் புகழுக்கும் செல்வத்துக்கும் அதற்குப் பிறகும் குறைவில்லை. எதிர் நாற்காலிதான் காலியாக இருந்தது. நெடுங்காலமாகப் புகழ் பெற்றுவிட்ட ஒருவரிடம், "இந்த அடி சரியில்லை, ஐயா" என்று சொல்ல யாருக்குத் தைரியம் வரும்? 1986-ல் அவர் வெளியிட்ட "பிரஸ் டு பிளே" என்ற தொகுப்பு ரஸிகர்களிடம் எடுபடவில்லை. அடுத்த வருஷம் அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர்தான் கோஸ்டெல்லோ.

இவருடைய சொந்தப் பெயர் டெக்லன் மக்மானஸ். லண்டனில் 1954-ல் பிறந்தவர். தகப்பனார் ராஸ் மக்மானஸ், ஜோ லாஸ் என்பவருடைய வாத்திய கோஷ்டியில் பாடகர். 1963 நவம்பரில் அரச குடும்பத்தார் முன்னிலையில் நடந்த விசேஷ நிகழ்ச்சியில் பீட்டில்ஸ் பாடிய அதே மேடையில் இந்தத் தகப்பனாரும் பாடினார். அந்த நால்வரின் கையெழுத்துக்களையும் வாங்கிக்கொண்டு போய் ஒன்பது வயதுப் பிள்ளையிடம் கொடுத்தார். அந்தப் பிள்ளை வளர்ந்து, 1977-ல் முதல் தொகுப்பை வெளியிட்டு, கூர்மையான சொற்களுக்கும் முன்கோபத்துக்கும் பெயரெடுத்து, கடைசியில் கையெழுத்துப் போட்டவருடைய பாட்டிலேயே பிழை திருத்த வந்து சேர்ந்தார்.

தென் இங்கிலாந்தில் ஸஸெக்ஸ் பிரதேசத்தில் ஹாக் ஹில் மில் என்ற பழைய காற்றாலையை மக்கார்ட்னி ஒலிப்பதிவு நிலையமாக மாற்றி வைத்திருந்தார். இருவரும் சந்தித்தது அங்கேதான். முதலில், எடுத்த எடுப்பில் புதுப் பாட்டுக்குப் போகவில்லை. ஒருவர் பாதியில் விட்ட பாட்டை மற்றவர் செப்பனிட்டார்கள். சம்பந்தம் பேசுவதற்கு முன் இரு வீட்டாரும் காப்பி சாப்பிடுவது போல என்று வைத்துக் கொள்ளலாம். கோஸ்டெல்லோ கொண்டு வந்தவற்றில் "வெரோனிகா" என்று ஒன்று. பிற்காலத்தில் அமெரிக்காவில் அவருடைய பாட்டுக்களிலேயே அதிகப் பிரபலமடைந்தது அதுதான். துள்ளி ஓடும் மெட்டு; கேட்பவர்கள் காதல் பாட்டென்றே நினைப்பார்கள். உண்மையில் அது அவருடைய பாட்டியாரைப் பற்றியது. அந்த அம்மாள் முதுமையில் அல்ஸைமர் நோயினால் ஞாபகம் இழந்து போனவர். யார் வந்தார்கள், யார் போனார்கள் என்பது தெரியாத ஒரு கிழவியின் மனத்துக்குள் இன்னும் ஓர் இளம் பெண் உட்கார்ந்திருக்கிறாள் என்ற எண்ணத்தை, அழுகை இல்லாமல், கையைத் தட்டிக்கொண்டு பாடும்படி செய்திருக்கிறார்கள். 1989-ல் வெளிவந்த அந்தப் பதிவில் பேஸ் கிதார் வாசித்தவர் மக்கார்ட்னி.

பிறகு புதுப் பாட்டுக்கள். எதிரெதிராக உட்கார்ந்து எழுதுவது, எழுதி முடித்த கையோடு பதிவு செய்வது. இருவர் குரல், கிதார் அல்லது பியானோ, அவ்வளவுதான். இப்படி 1987-ல் செய்த ஒன்பது பாட்டுக்களே 2017-ல் வெளியாயின. அவற்றையே 1988-ல் பக்க வாத்தியக்காரர்களுடன் மறுபடி பாடிய ஒன்பது பதிவுகளும் கூடவே இருக்கின்றன.

முதல் ஒன்பதைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். "தி லவர்ஸ் தட் நெவர் வேர்" என்பது முதலாவது. ஒருபோதும் காதலர்களாக ஆகாத காதலர்கள் என்று பொருள். நடக்காத ஒன்றுக்காக ஏங்குகிற பாட்டு. இதில் மக்கார்ட்னியின் குரலைக் கேட்க வேண்டும்! இனிமைக்குப் பெயர் போன அந்தக் குரல் இங்கே கிழிகிறது. உச்சத்துக்குப் போகும்போது, எட்டுமோ எட்டாதோ என்று கேட்பவருக்குப் பயமாக இருக்கிறது. எட்டுகிறது, ஆனால் ஒழுங்காக எட்டவில்லை. அந்த ஒழுங்கின்மையில்தான் பாட்டின் உயிர் இருக்கிறது. 1993-ல் "ஆஃப் தி கிரவுண்ட்" தொகுப்பில் இதையே அவர் நிதானமாகப் பாடி வெளியிட்டார். குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஸ்ருதி சுத்தம், தாளம் சுத்தம், ஏக்கமும் சுத்தமாகப் போய்விட்டது.

"யூ வாண்ட் ஹெர் டூ" என்ற பாட்டு இன்னொரு விதம். ஒருவர் ஒரு பெண்ணிடம் தாம் கொண்ட அன்பை உருகி உருகிச் சொல்கிறார். மற்றவர் குறுக்கே புகுந்து, "எனக்குத் தெரியாதா உன் சங்கதி!" என்கிற பாவனையில் வெடுக்கென்று பதில் கொடுக்கிறார். தித்திப்புக்கு மக்கார்ட்னி, கைப்புக்குக் கோஸ்டெல்லோ. இது முன்பு லென்னனுடன் தாம் பாடிய விதமல்லவா என்று மக்கார்ட்னிக்கே தயக்கம் ஏற்பட்டதாம். அவர் நம்பிக்கையோடு ஓர் அடியைப் பாட, லென்னன் நடுவே கசப்பாக ஒரு வார்த்தையைப் போடுவது பீட்டில்ஸ் ரஸிகர்களுக்குத் தெரிந்த வழக்கம். போனவருடைய இடத்தில் இன்னொருவரை நிறுத்திப் பழைய நாடகத்தை ஆடுவது போல ஆகிவிடக் கூடாது என்று அவர் அஞ்சியதில் நியாயம் உண்டு. ஆயினும் மாதிரிப் பதிவைக் கேட்டால் அப்படித் தோன்றவில்லை. லென்னனும் மக்கார்ட்னியும் ஏறக்குறைய ஒரே வயதுப் பிள்ளைகளாகச் சேர்ந்து வளர்ந்தவர்கள். இங்கே பாடுகிறவர்களுக்குள் பன்னிரண்டு வருஷ இடைவெளி. இளையவர் மரியாதையை மறைத்துக்கொண்டு மல்லுக்கு நிற்கிறார். மூத்தவர் அதைக் கண்டு சந்தோஷப்படுகிறார். இது வேறு நாடகம்.

"தட் டே இஸ் டன்" என்பதும் அதே பாட்டியாரைச் சேர்ந்ததுதான். அந்த அம்மாளின் சவ அடக்கத்தின்போது கோஸ்டெல்லோ ஊர் ஊராகக் கச்சேரி செய்து கொண்டிருந்தார், போக முடியவில்லை. போக முடியாதவனுடைய பாட்டு இது. நம் வீடுகளில் தந்தி வந்தும் ரயில் கிடைக்காமல் தவித்தவர்களுக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. துக்கம் ஒருவருடையது, மாதிரிப் பதிவில் அந்தத் துக்கத்துக்குத் தோள் கொடுக்கும் இரண்டாவது குரல் மக்கார்ட்னியுடையது. உறவுக்காரர் அல்லாத ஒருவர் பாடையில் ஒரு பக்கத்தைத் தாங்குவது போல இருக்கிறது. மக்கார்ட்னியின் 1989-ம் வருஷத்துத் தொகுப்புக்கு "பிளவர்ஸ் இன் தி டர்ட்", அதாவது மண்ணிலே மலர்கள், என்ற பெயர் இந்தப் பாட்டில் வரும் சொற்களிலிருந்தே எடுத்தது.

அந்தத் தொகுப்பைத் தயாரிக்கும்போதுதான் இருவருக்கும் அபிப்பிராய பேதம் வந்தது. மாதிரிப் பதிவில் உள்ளபடியே சிக்கனமாகப் பாடிவிடலாம் என்பது கோஸ்டெல்லோவின் கட்சி. காலத்துக்கு ஏற்ற புது யந்திரங்களும் புது நாதமும் வேண்டும் என்பது மக்கார்ட்னியின் கட்சி. பணம் போடுகிறவர் கட்சி ஜயித்தது. பல தயாரிப்பாளர்களை வைத்து மெருகேற்றினார்கள். விற்பனையைப் பார்த்தால் மக்கார்ட்னியைக் குறை சொல்ல முடியாது. தொகுப்பு இங்கிலாந்தில் முதலிடத்துக்குப் போயிற்று.

மெருகேற்றியதெல்லாம் கெட்டுப் போயிற்று என்றும் நான் சொல்ல மாட்டேன். "மை பிரேவ் ஃபேஸ்" என்ற பாட்டு அந்தத் தொகுப்பில்தான் முழு அழகோடு நிற்கிறது; மாதிரிப் பதிவில் அது இன்னும் சட்டை மாட்டாத பிள்ளை. வயலின் உருவத்தில் இருக்கும் பழைய ஹாப்னர் பேஸ் கிதாரை மக்கார்ட்னி மறுபடி கையில் எடுக்கும்படி தூண்டியவரும் கோஸ்டெல்லோதான். பீட்டில்ஸ் காலத்து அடையாளம் என்று அவர் ஒதுக்கி வைத்திருந்த வாத்தியம் அது. பழமையை நினைவூட்டக் கூடாதென்று பயந்தவருக்குப் பழைய வாத்தியத்தையே துணிந்து எடுத்துக் கொடுத்தது, சிறுவயதில் கையெழுத்து வாங்கிய ரஸிகன் செய்த நல்ல காரியம்.

ஆனால் எந்தப் பாட்டில் இருவருடைய குரலும் ஒன்றையொன்று உரசுகிறதோ, அந்தப் பாட்டை மெருகேற்றினால் உரசல்தான் முதலில் போகிறது. 1988-ம் வருஷத்துப் பதிவுகளிலேயே இதன் ஆரம்பம் தெரிகிறது. அதே பாட்டு, அதே இருவர். ஆனால் அறைக்குள் இன்னும் நாலு பேர் வந்துவிட்டார்கள். இருவர் அந்தரங்கமாகப் பேசும்போது மூன்றாமவர் நாற்காலியை இழுத்துப் போட்டால் பேச்சு எப்படி மாறுமோ, அப்படி மாறியிருக்கிறது.

இப்படித் திருத்தாத பிரதிகளை வெளியிடுவது சரிதானா என்று சிலர் கேட்பார்கள். செத்துப் போனவர் பெட்டியை உடைத்து, அவர் இருமியதையும் தும்மியதையும் விலைக்கு விற்கும் வியாபாரம் எனக்கும் பிடிக்காது. இங்கே அந்த ஆக்ஷேபணைக்கு இடமில்லை. பாடியவர்களே உயிரோடிருந்து தங்கள் கையால் வெளியிட்டது. அதற்கு வெகு நாள் முன்பே திருட்டுப் பிரதிகள் ரஸிகர்களிடையே உலவிக் கொண்டிருந்தன. விலையைப் பற்றி மட்டும் மனஸ்தாபம் ஏற்பட்டது. பெரிய பெட்டியாகத் தடபுடலாக வெளியிட்டுவிட்டு, சில பதிவுகளை அதில் தட்டாக வைக்காமல் கணினி மூலம் இறக்கிக் கொள்ளும்படி செய்தார்கள். அத்தனை பணம் கொடுத்தவர்கள் கோபித்துக் கொண்டதில் ஆச்சரியமில்லை. அப்படி வந்த பாட்டுக்களில் மூன்றை ஏப்ரல் மாதத்தில் ஒலிநாடாவாகவும் வெளியிட்டார்கள். அந்த நாடாவை ஓட்டும் பெட்டி எத்தனை வீட்டில் பாக்கியிருந்ததோ!

ஒரே மேஜையில் பிறந்த பாட்டுக்கள் எங்கெங்கோ பிரிந்து போயின. "ஸோ லைக் காண்டி"யும் "பிளேபாய் டு எ மேன்" என்பதும் கோஸ்டெல்லோவின் 1991-ம் வருஷத்துத் தொகுப்பில் சேர்ந்தன. "மிஸ்ட்ரெஸ் அண்ட் மெய்ட்" 1993-ல் மக்கார்ட்னியிடம் போயிற்று. "ஷாலோ கிரேவ்" 1996-ல்தான் கோஸ்டெல்லோவின் தொகுப்பில் வெளிச்சத்தைக் கண்டது. அந்த ஒன்பதில் இரண்டு பாட்டுக்களை இருவருமே தங்கள் தொகுப்புக்களில் சேர்க்கவில்லை. ஒன்று, போர்வீரன் வீடு திரும்புவதைப் பற்றிய "டாமீஸ் கமிங் ஹோம்". இரு குரல்களும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு போகும் இதை எப்படி விட்டு வைத்தார்களோ தெரியவில்லை. மற்றொன்று "ட்வெண்டி ஃபைன் ஃபிங்கர்ஸ்", இருபது அழகிய விரல்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து இருபது விரல் என்பது கணக்கு. இரண்டு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலே ஓடும் விளையாட்டுப் பாட்டு. அந்த ஆலைக்குள் உட்கார்ந்து இருவரும் அதைப் பாடும்போது, யாருக்காகவும் பாடவில்லை என்பது தெரிகிறது. ஒருவரையொருவர் முந்திக்கொண்டு, மூச்சு வாங்க, சிரிப்பை அடக்கிக்கொண்டு பாடுகிறார்கள்.