ஆடிக்காத்தும் மணியோட தும்மலும்

எங்க வீட்டு மணிக்கு வயசு ஒன்பது. நாட்டு நாய். போன ஆடியில தும்ம ஆரம்பிச்சான். பாலக்காட்டுக் கணவாய் வழியா காத்து வந்து சாத்துற மாசம், கோயமுத்தூர்க்காரங்களுக்குச் சொல்லவே வேண்டாம். "இந்தக் காத்துக்கு மனுசனே தும்மறான், நாய் தும்மாதுங்களா?"ன்னார் பக்கத்து வீட்டு ஐயா. நானும் தலையாட்டிட்டேன். ஆடி போச்சு, ஆவணி போச்சு, காத்தும் அடங்குச்சு. தும்மல் மட்டும் நிக்கல.

நாய் தும்மினா உடனே 'சளி'ன்னு பேர் வச்சு நாம கடையைக் கட்டிடறோம். அங்கதான் தப்பு. தும்மல்ங்கறது நோய் இல்லை; மூக்குல என்னமோ உறுத்துதுங்கற சேதி. என்னன்னு பாக்கறது நம்ம வேலை.

விளையாடறப்ப ரெண்டு தும்மல்னா விட்டுடலாம். சாம்பிராணி, கொசுவத்தி, ஃபினாயில் எல்லாத்தையும் நாலு நாள் நிறுத்திப் பாருங்க. 'கொர் கொர்'னு மூச்சை உள்ளாற இழுத்தா அது தலைகீழ்த் தும்மல், பெரும்பாலும் தானா நின்னுடும். காட்டுப்பக்கம் சுத்திட்டு வந்து திடீர்னு விடாம தும்மி, காலால மூக்கைத் தேய்ச்சா, ஊசிப்புல்லு மாதிரி ஏதாச்சும் ஏறியிருக்கலாம். நீங்க நோண்டாதீங்க, டாக்டர்கிட்ட போங்க. தடுப்பூசி போடாத குட்டிக்கு மூக்கும் கண்ணும் ஒழுகி காய்ச்சலும் இருந்தா டிஸ்டெம்பரா இருக்கலாம், அன்னிக்கே ஓடுங்க. மூக்குல ரத்தம் வந்தாலும் அப்படித்தான். உண்ணிக் காய்ச்சல், பூஞ்சை, கட்டின்னு எதுவா வேணா இருக்கலாம்.

முக்கியமான கேள்வி ஒண்ணு இருக்கு. ரெண்டு மூக்குமா, ஒரு மூக்கா? ஒரு பக்கம் மட்டும் ஒழுகுச்சுன்னா அது வெறும் தூசியா இருக்க வாய்ப்பு கம்மி. எவர்சில்வர் தட்டை மூக்குக்கு முன்னால பிடிங்க. ரெண்டு பக்கமும் ஆவி படியணும். ஒரு பக்கம் படியலைன்னா உள்ள அடைப்பு இருக்கலாம்.

மணிக்கு வலது மூக்கு மட்டும்தான் ஒழுகிச்சு. தண்ணி குடிச்சா உடனே தும்மல். கண்ணு முன்னாடியே நடந்துச்சு, நான் துளசிச் சாறு குடுத்துட்டு இருந்தேன்! ஒரு டாக்டர் ஆன்டிபயாட்டிக் குடுத்தார். ஒரு வாரம் நல்லா இருந்துட்டு மறுபடியும் ஆரம்பிச்சுது. ரெண்டாவது டாக்டர் மூக்கைப் பாக்கலை, மேல் உதட்டைத் தூக்கினார். கோரைப்பல் வேரோட அழுகி, மூக்கு வரைக்கும் ஓட்டை. அந்த வேருக்கும் மூக்குக்கும் நடுவுல மெல்லிசா ஒரு எலும்புதானாம்.

மயக்க மருந்து குடுத்துத்தான் பிடுங்கணும்னாங்க. "கெழட்டு நாயப் போய் கத்தி வைக்கணுமாடா?"ன்னு அம்மா கேட்டாங்க. நியாயமான கேள்விதான், எனக்கும் ராத்திரி தூக்கம் வரலை. ரத்தப் பரிசோதனை சரியா வந்தப்புறம் சம்மதிச்சேன். பல்லைப் பிடுங்கி, ஓட்டையையும் தச்சாங்க. ரெண்டு மாசமா ஒரு பக்கமாவே மென்னுட்டு இருந்தவன் இப்ப ரெண்டு பக்கமும் மெல்லறான். வலியை அவன் ஒரு நாளும் சொல்லலை, தும்மினான், அவ்வளவுதான்.

இன்னொண்ணு. குழந்தைக்கு வாங்கின சளி சிரப்பு, பாராசிட்டமால் எதையும் நீங்களா குடுத்துடாதீங்க. அதுல சில மருந்து நாய்க்கு விஷம்.

வயசான நாய் வச்சிருக்கீங்களா? இன்னிக்கு சோறு வைக்கறப்ப மேல் உதட்டைக் கொஞ்சம் தூக்கிப் பாருங்க. ஒரு நிமிசம் ஆகாது. நான் அதுக்கு ரெண்டு மாசம் எடுத்துக்கிட்டேன்.