திரையில் தெரியாத திறமைகள்



அண்மையில் நாகரசம்பட்டியில் உறவினர் ஒருவரின் இல்லத்தில் ஒரு மாலைப்பொழுதைக் கழிக்க நேர்ந்தது. மக்ரிப் தொழுதுவிட்டுத் திரும்பியபோது கூடத்தில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. பத்து வயது மதிக்கத்தக்க சிறுமி ஒருத்தி பாடி முடித்தாள். நடுவர்கள் எழுந்து நின்று கைதட்டினர். ஒருவர் கண்ணீரே வடித்தார். "மாஷா அல்லாஹ், என்ன குரல்!" என்று வீட்டுப் பெரியவர்களும் வியந்தனர்.

அதே கூடத்தின் மூலையில் அதே வயதுடைய அந்த வீட்டுப் பெண்பிள்ளை, மாம்பழப் பெட்டியின் அட்டையைக் கிழித்து வைத்துக்கொண்டு, சுவரில் தொங்கிய நாட்காட்டியிலிருந்த அரபு எழுத்துகளைப் பார்த்து வரைந்துகொண்டிருந்தாள். வளைவுகள் பிசகாமல் வந்திருந்தன. "யாரம்மா கற்றுக்கொடுத்தார்கள்?" என்று கேட்டேன். அவள் வாய் திறப்பதற்குள் தாயார் முந்திக்கொண்டு, "இவள் எப்போதும் இப்படித்தான் எதையாவது கிறுக்கிக்கொண்டிருப்பாள். படிப்பில்தான் கவனமில்லை" என்றார். பிள்ளை அட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

யாரோ பெற்ற பிள்ளையின் திறமைக்கு ஒரு வீடே உருகியது. தன் வீட்டுப் பிள்ளையின் திறமை அங்கே கிறுக்கல் ஆயிற்று. அந்தத் தாயைக் குறை கூற இதை எழுதவில்லை. நம் இல்லங்களில் பெரும்பாலானவற்றின் நிலை இதுதான்.

2005ஆம் ஆண்டில் 'கலக்கப்போவது யாரு', 2006இல் 'சூப்பர் சிங்கர்', 2007இல் 'மானாட மயிலாட' என்று அடுத்தடுத்து வந்த போட்டி நிகழ்ச்சிகள், திறமை என்றால் என்ன என்பதற்குத் தமிழ் வீடுகளில் ஒரு புதிய விளக்கத்தை எழுதிவிட்டன. பாட வேண்டும், ஆட வேண்டும், சிரிக்க வைக்க வேண்டும். மேடையும் ஒளியும் நடுவரும் இருந்தால்தான் அது திறமை. 2012இல் 'சூப்பர் சிங்கர் ஜூனியர்' போட்டியில் ஆஜித் என்ற முஸ்லிம் சிறுவர் வெற்றி பெற்றபோது நம்மவர்கள் பலர் பெருமை கொண்டனர், பலர் சங்கடப்பட்டனர். ஆனால், "என் பிள்ளைக்கு என்ன வரும்?" என்று அன்று நம்மில் எத்தனை பேர் கேட்டுக்கொண்டோம்?

தொலைக்காட்சியில் நன்மையே இல்லை என்று சொல்வது நேர்மையாகாது. 'தமிழ்ப் பேச்சு எங்கள் மூச்சு' போன்ற நிகழ்ச்சி மேடைப்பேச்சில் ஆர்வமுள்ள இளைஞர்களுக்குக் கதவைத் திறந்தது. 2019இல் தமிழக அரசு தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி, கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது ஏழைப் பிள்ளைகளுக்கு உதவியது. ஒசூரிலும் போச்சம்பள்ளி சிப்காட்டிலும் ஷிப்டு முடித்துக் களைத்து வரும் தகப்பனுக்கு அரை மணி நேரம் திரையின் முன் அமர்வது ஓய்வாகவும் இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை.

மேடையேறும் பிள்ளைகளின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். 2008இல் கொல்கத்தாவில், ஒரு நடனப் போட்டியில் நடுவர்களின் கடுஞ்சொல்லைக் கேட்ட பதினாறு வயதுப் பெண் பேச்சும் அசைவும் இழந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட செய்தி நாட்டையே உலுக்கியது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் 2017இல் திருத்தப்பட்ட விதிகள், நிகழ்ச்சிகளில் பங்கேற்கும் குழந்தையை நாளொன்றுக்கு 5 மணி நேரத்திற்கு மேல் ஈடுபடுத்தக் கூடாது என்றும், வருமானத்தில் குறைந்தது 20 விழுக்காட்டைக் குழந்தையின் பெயரில் வைப்பில் இட வேண்டும் என்றும் கூறுகின்றன. நடன நிகழ்ச்சிகளில் குழந்தைகளை வயதுக்கு ஒவ்வாத விதத்தில் காட்டக் கூடாது என்று 2019இல் மத்திய அரசு அலைவரிசைகளுக்கு அறிவுரை அனுப்பியது. இப்படி மேடையில் நிற்கும் பிள்ளையைக் காக்கச் சட்டம் வந்துவிட்டது. மேடையைப் பார்த்துக்கொண்டே வளரும் பிள்ளையைக் காப்பதற்குத் தாய் தந்தையரை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?

நம்மில் சிலர் இதற்குக் காணும் தீர்வு எளிதானது: பெட்டியை அணைத்துவிடு, பாட்டு வேண்டாம், ஆட்டம் வேண்டாம். நல்லது. ஆனால் அணைத்த பிறகு பிள்ளையின் கையில் என்ன கொடுத்தோம்? எதுவும் கொடுக்காமல் அணைத்தால் அந்தப் பிள்ளை அதே காட்சிகளை அலைபேசியில், போர்வைக்குள் பார்க்கிறது. தடுப்பது கடமையில் பாதிதான். மாற்று ஒன்றைத் தருவது மீதிப் பாதி.

பெருமானார் (ஸல்) அவர்களின் வழிமுறை இதில் நமக்குப் பாடம். மதீனாவில் ஸைத் இப்னு ஸாபித் (ரலி) என்ற சிறுவர் பல சூராக்களை மனனம் செய்திருப்பதாக அவருடைய கூட்டத்தார் அழைத்து வந்து கூறினர். போர்க்களத்திற்கு வயது போதாத பிள்ளை. அவரிடமிருந்த நினைவாற்றலைக் கண்ட நபியவர்கள், யூதர்களின் எழுத்தைக் கற்றுக்கொள்ளுமாறு பணித்தார்கள். அவர் ஏறத்தாழ அரை மாதத்தில் கற்றுத் தேர்ந்ததாக ஹதீஸில் காண்கிறோம். பிற்காலத்தில் குர்ஆனை ஒன்று திரட்டும் மாபெரும் பணி அவரிடமே ஒப்படைக்கப்பட்டது. பிலால் (ரலி) அவர்களின் குரல்வளத்தை அறிந்தே பாங்கு சொல்லும் பொறுப்பு அவர்களுக்கு வழங்கப்பட்டது. ஒவ்வொருவரிடமும் இருப்பது எது என்று பார்த்து, அதற்குரிய வேலையைக் கொடுப்பதே சுன்னத்தான அணுகுமுறை.

நம் மாவட்டத்திலேயே இதற்குச் சான்று உண்டு. 1980களில் ஒசூரில் டைட்டன் கடிகாரத் தொழிற்சாலை எழுந்தபோது, அன்றைய தருமபுரி மாவட்டத்தின் சிற்றூர்களில் பள்ளிப்படிப்பை முடித்த இளைஞர்களைத் தேடி எடுத்துப் பயிற்சி தந்தார்கள். ஏரும் மாடும் பார்த்த வீட்டுப் பிள்ளைகளின் விரல்கள் நுண்ணிய பற்சக்கரங்களைப் பொருத்தக் கற்றன. அந்த விரல்களில் அத்திறமை முன்பே இருந்தது. கண்டெடுக்க ஒருவர் தேவைப்பட்டார், அவ்வளவே. பக்கத்து வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரியில் தமிழ் பயிற்றுவித்த கவிக்கோ அப்துல் ரகுமான் 1999இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். அவருடைய கவிதை வளர்ந்தது வகுப்பறைகளிலும் கவியரங்குகளிலும்தான்.

ஆகவே பெற்றோர்களிடமும் ஜமாஅத் பொறுப்பாளர்களிடமும் சில வேண்டுகோள்கள். மக்ரிபுக்கும் இஷாவுக்கும் இடைப்பட்ட நேரத்தில் வீட்டில் திரைகள் அனைத்தும் ஓயட்டும், நம்முடைய அலைபேசி உட்பட. அந்த நேரத்தில் பிள்ளை விரும்பிச் செய்வதைச் செய்யட்டும்: வரையட்டும், பழுதான மின்விசிறியைப் பிரித்துப் பார்க்கட்டும், தைக்கட்டும், கதை எழுதட்டும். நாம் பக்கத்தில் அமர்ந்து பார்த்தால் போதும். மதரஸா ஆண்டு விழாவில் கிராஅத்தும் பேச்சும் மட்டுமின்றி, பிள்ளைகளின் ஓவியத்திற்கும் கைவினைக்கும் அறிவியல் மாதிரிகளுக்கும் ஒரு மேசை போடுங்கள். அரசுப் பள்ளிகளில் 2022 முதல் நடைபெறும் கலைத் திருவிழாவில் நம் மார்க்கத்திற்கு உகந்த பிரிவுகள் பல உள்ளன; பெண்பிள்ளைகளையும் தயங்காமல் அனுப்புங்கள்.

ஆரோக்கியமும் ஓய்வு நேரமும் மனிதர்களில் பலர் நட்டமடைந்துவிடும் இரு அருட்கொடைகள் என்று நபியவர்கள் எச்சரித்துள்ளார்கள். நம் பிள்ளைகளிடம் இன்று அவ்விரண்டும் நிறைந்திருக்கின்றன. அவற்றோடு திறமையும் சேர்த்தே அளிக்கப்பட்ட அமானிதம்.

அன்றிரவு விடைபெறும் முன் அந்தப் பிள்ளையிடம் அட்டையைக் காட்டுமாறு கேட்டேன். தயங்கித் தயங்கித் திருப்பினாள். பாட்டியார் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு விளக்கின் அருகில் பிடித்துப் பார்த்தார். "இதை நீயா எழுதினாய்?" என்று கேட்டார். தொலைக்காட்சி அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அந்தச் சில நிமிடங்கள் அதை யாரும் பார்க்கவில்லை.

நம் பிள்ளைகளைக் கண் குளிர்ச்சியாக ஆக்கி, அவர்களைக் காணும் கண்களையும் நமக்கு அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.