உடைந்த தேன்கூடு

அமெரிக்க ஐக்கிய நாட்டின் வடகிழக்குக் கோடியில் வெர்மான்ட் என்று ஒரு சிறு ராஜ்யம் இருக்கிறது. மலையும் காடும் பனியும் நிறைந்த பிரதேசம். அங்கே பழைய வீடு ஒன்றை விலைக்கு வாங்கிக் குடியேறியிருக்கும் நேயர் ஒருவர் நமக்கு நீண்டதொரு கடிதம் விடுத்திருக்கிறார். வீட்டோடு ஒரு விறகுக் கணப்பும் அவருக்கு வந்து சேர்ந்ததாம். குளிர்காலம் முடிந்து அதைத் துப்புரவு செய்கையில், சாம்பலுக்குள் தேனடையைப் போன்ற பீங்கான் துண்டுகள் இரண்டு மூன்று கையில் அகப்பட்டன. நிமிர்ந்து பார்த்தால், அடுப்பின் மேற்புறத்தில் பொருத்தியிருந்த 'காட்டலிட்டிக் கம்பஸ்டர்' என்னும் உறுப்பு ஒரு மூலையில் பொக்கையாய் நிற்கிறது. "அதைக் கழற்றி எறிந்துவிடுங்கள், அடுப்பு முன்னைவிட நன்றாக எரியும்" என்று அண்டை வீட்டுக்காரர் யோசனை சொன்னார். கடைக்காரரோ புதிது வாங்கச் சொல்லுகிறார். விலை சில நூறு டாலர். இருவரில் யார் பேச்சைக் கேட்பது என்பது நேயரின் கேள்வி.

கேள்வி ஓர் அடுப்பைப் பற்றியதுதான். ஆனால் யோசிக்கப் புகுந்தால் அது அடுப்போடு நிற்பதாக இல்லை. ஆகவே இவ்வாரம் இந்தப் பகுதியை அதற்கே ஒதுக்குகிறோம்.

குளிர் தேசத்துக் கணப்பு நமது சமையல் அடுப்பைப் போன்றதன்று. அது கதவு வைத்த இரும்புப் பெட்டி. காற்று நுழையும் வழியைக் கூட்டவும் குறைக்கவும் அதில் ஏற்பாடு உண்டு. பெஞ்சமின் பிராங்க்ளின் 1740-களில் இரும்புக் கணப்பு ஒன்றை அமைத்து, 1744-ல் அதை விளக்கிச் சிறு நூல் ஒன்றும் வெளியிட்டார். அதற்குத் தனியுரிமைப் பட்டயம் தருவதாகக் கவர்னர் முன்வந்தபோது, பொது ஜனங்களுக்குப் பயன்படட்டும் என்று அதை வேண்டாமென்றுவிட்டார் அந்தப் பெரியார். பிற்காலத்தில் எண்ணெயும் எரிவாயுவும் வந்து விறகை ஓரங்கட்டின. 1973-ல் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியைத் தடை செய்ய, விலை மளமளவென்று ஏறியது. அமெரிக்கக் குடும்பங்கள் பல மறுபடியும் கோடரியைத் தேடின.

விறகு வந்தது, கூடவே புகையும் வந்தது. இரவு படுக்கப் போகுமுன் கட்டைகளை நிறைய அடுக்கிக் காற்று வழியைச் சுருக்கிவிட்டால், விடியும் மட்டும் வீட்டில் வெப்பம் இருக்கும். ஆனால் காற்றுப் போதாத நெருப்பு புகையைக் கக்கும். அந்தப் புகை வேறொன்றுமில்லை; எரிய வேண்டியது எரியாமல் வெளியேறுகிறது, அவ்வளவுதான். காசு கொடுத்து வாங்கிய விறகில் ஒரு பங்கு ஊரார் மூக்கில் ஏறுகிறது. மற்றொரு பங்கு புகைபோக்கியின் உட்புறத்தில் 'கிரியோசோட்' என்னும் கருந்தாராகப் படிகிறது. அது மிகுதியாகப் படிந்தால் என்றைக்காவது புகைபோக்கியே தீப்பற்றிக்கொள்ளும்.

புகை தானாகப் பற்றி எரிவதற்குப் பாரன்ஹீட் 1,000 டிகிரிக்கு மேல், அதாவது சென்டிகிரேடு 540-க்கு மேல் உஷ்ணம் வேண்டும். மெள்ளக் கனலும் கணப்பில் அவ்வளவு உஷ்ணத்துக்கு எங்கே போவது? இங்கேதான் வினையூக்கி துணைக்கு வருகிறது. 1817-ல் ஹம்ப்ரி டேவி என்னும் ஆங்கில விஞ்ஞானி, எரிவாயுவும் காற்றும் கலந்த இடத்தில் சூடேறிய பிளாட்டினக் கம்பியை வைத்தபோது, சுவாலை சிறிதும் இல்லாமலே அது தொடர்ந்து கனன்றுகொண்டிருக்கக் கண்டார். இத்தகைய காரியத்துக்கு 1835-ல் பெர்ஸீலியஸ் என்னும் ஸ்வீடன் தேசத்து அறிஞர் பெயர் சூட்டினார். நூறு கல்யாணங்களை முடித்துவைத்தும் தாம் பிரம்மசாரியாகவே இருக்கும் தரகரைப் போல, வினையூக்கி பிற பொருள்களை விரைவில் ஒன்று சேர்க்கும், தான் செலவாவதில்லை.

1975 முதல் அமெரிக்க மோட்டார்களின் புகைக் குழாயில் இந்தத் தத்துவத்தைப் பயன்படுத்தலானார்கள். சின்னஞ்சிறு கண்கள் வரிசை வரிசையாக அமைந்த பீங்கான் தேன்கூட்டின்மேல், பிளாட்டினம், பல்லேடியம் போன்ற உயர்ந்த உலோகங்களை மிக மெல்லிய பூச்சாகப் பூசினார்கள். 1980-ஐ ஒட்டி அதே தேன்கூடு விறகுக் கணப்புக்குள்ளும் புகுந்தது. நாம் அதைப் 'புகை எரிப்பான்' என்று அழைக்கலாம். அதன் கண்களின் வழியே செல்லும் புகை, பாரன்ஹீட் 500 டிகிரி அளவிலேயே, அதாவது சென்டிகிரேடு 260-லேயே பற்றி எரிகிறது. தீ மூட்டும்போது புகை நேரே மேலேறப் பக்கவழி ஒன்று திறந்திருக்கும். அடுப்பு சூடேறியதும் அதை மூடிவிட்டால் புகை முழுவதும் தேன்கூட்டின் வழியாகத்தான் போயாக வேண்டும். புகை எரிவதால் வீட்டுக்கு வெப்பமும் அதிகம், விறகும் மிச்சம்.

இவ்வளவு உபகாரம் செய்யும் உறுப்புக்கு ஒரே ஒரு குறை. அது கெடும்போது கூச்சல் போடுவதில்லை. விளக்கு அணைந்தால் வீடு இருண்டு போகிறது. கடிகாரம் நின்றால் முள் நின்று போகிறது. புகை எரிப்பான் செத்துப் போனாலோ கணப்பு முன்போலவே எரிகிறது; அறையும் ஏறக்குறைய முன்போலவே கதகதவென்றிருக்கிறது. நஷ்டமெல்லாம் புகைபோக்கியின் உச்சியில் நடக்கிறது. உள்ளே உட்கார்ந்திருப்பவர் அதைப் பார்ப்பதில்லை. பார்ப்பவர் அடுத்த வீட்டுக்காரர்.

ஆகையால் பரிசோதனையை வெளியிலிருந்து தொடங்குவதே முறை. பக்கவழி திறந்திருக்கையில் புகைபோக்கியிலிருந்து புகை வரும். அடுப்பு நன்றாகச் சூடேறி வழியை மூடியபின் சிறிது நேரத்துக்குள் அது கண்ணுக்குத் தெரியும்படி குறைய வேண்டும். கடுங்குளிரில் வெண்மையாக எழுந்து உடனே மறைவது நீராவி. அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. சாம்பல் நிறத்தில் நெடுந்தூரம் இழைந்து செல்வதே புகை. எரிப்பானுக்கு அருகில் உஷ்ணமானி இருக்குமாயின், வழியை மூடியபின் அதன் முள் ஏற வேண்டும். தேன்கூடு செக்கச் செவேலென்று ஒளிவிடவில்லையே என்று சிலர் கவலைப்படுகிறார்கள். தீ தணிந்து எரியும்போது ஒளிவிடாமலே அது வேலை செய்வதுண்டு. கதவைத் திறந்தால் புகை அறைக்குள் திரும்பி வருகிறதென்றால் கண்கள் அடைத்திருக்கலாம். ஆனால் எரிப்பானைக் குற்றஞ் சாட்டுமுன் விறகைப் பாருங்கள். விறகில் ஈரம் நூற்றுக்கு இருபது பங்குக்கு மேற்பட்டிருந்தால் எந்த எரிப்பானும் திணறத்தான் செய்யும்.

அது எவ்வாறு கெடுகிறது? முதலாவது, சாம்பல் படிந்து கண்கள் அடைபடுதல். இரண்டாவது, திடீர் அதிர்ச்சி. கொதிக்கும் தேன்கூட்டின் கீழே ஈரக் கட்டையைத் திணித்து உடனே வழியை மூடினால், சூடான கண்ணாடியில் தண்ணீர் தெளித்த கதையாகப் பீங்கான் விரிசல் விடும். சாம்பல் கதவைத் திறந்து வைத்துக் காற்றை மட்டின்றி விட்டால் சுவாலை எழும்பித் தேன்கூட்டையே நக்கும். அதனாலும் அது நொறுங்கும், பூச்சு உரிந்துவிடும். மூன்றாவது, விஷம். வர்ணம் பூசிய பலகை, மருந்தூட்டிய மரம், பளபளப்பான வர்ணக் காகிதம், பிளாஸ்டிக், வீட்டுக் குப்பை, நிலக்கரி ஆகியவற்றின் புகையிலுள்ள ஈயமும் கந்தகமும் பிறவும் உலோகப் பூச்சைப் போர்த்து அதன் சக்தியை அடக்கிவிடுகின்றன. மோட்டாரில் எரிப்பான் வைத்தபோது ஈயமில்லாத பெட்ரோலையும் கூடவே கொண்டுவர நேர்ந்தது இதனால்தான். அடைப்பைத் தவிர மற்ற இரண்டும் பெரும்பாலும் நாமே அடுப்புக்குச் செய்யும் துரோகங்கள்.

இனி, வைத்தியம். அடைப்பு மட்டுமானால் செலவே இல்லை. அடுப்பு முற்றும் ஆறியபின் எரிப்பானை மெதுவாக வெளியே எடுத்து, மிருதுவான தூரிகையால் சாம்பலைத் தட்டிவிட்டாலே பாதி வேலை முடிந்தது. கம்பியால் குத்துவதும் அழுத்தித் தேய்ப்பதும் கூடாது. சாம்பலோடு பூச்சும் போய்விடும். அப்படியும் உயிர் வராவிட்டால், காடியும் வாலைநீரும் சம அளவு கலந்து சூடாக்கி, அதில் அரை மணி நேரம் அமிழ்த்தி வைத்து, பிறகு வெறும் வாலைநீரில் இருமுறை அலசி நன்றாக உலர்த்துவது வழக்கத்திலுள்ள முறை. எனினும் அவரவர் அடுப்போடு வந்த குறிப்பேடு அதை அனுமதிக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். மயிரிழை போன்ற விரிசல்களைக் கண்டு பதறத் தேவையில்லை. கூடு குலையாமலிருக்கும்வரை அது வேலை செய்யும். துண்டு துண்டாக உதிர்ந்துவிட்டாலோ கழுவிப் பயனில்லை. ஓட்டை விழுந்த இடத்தின் வழியே புகை எரியாமல் தப்பிவிடும்.

நேயருடைய எரிப்பான் இந்தக் கடைசி வகையைச் சேர்ந்தது. ஆகவே புதிது வாங்க வேண்டியதுதான். அதே அளவில், அந்த அடுப்புக்கென்றே செய்ததை வாங்குவதோடு, அதைச் சுற்றி வைக்கும் திண்டையும் புதிதாக வைக்க வேண்டும். இடுக்கு இருந்தால் புகை அதன் வழியே நழுவும். நல்ல எரிப்பானின் ஆயுள் சுமார் 12,000 மணி என்று கணக்கிடுகிறார்கள். ஆறு மாதம் இரவும் பகலும் எரித்தால் வருஷத்துக்கு ஏறக்குறைய 4,300 மணி ஆகிறது. அவ்வாறு எரிப்பவருக்கு மூன்று குளிர்காலம். மாலையில் மட்டும் எரிப்பவருக்கு அதைப்போல் இரு மடங்குக்கும் மேல். விலையை இத்தனை குளிர்காலங்களுக்குப் பங்கிட்டு, மிச்சமாகும் விறகையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தால் கடைக்காரர் மீதுள்ள கோபம் தணியும்.

நிற்க, அண்டை வீட்டுக்காரரின் யோசனைக்கு வருவோம். எரிப்பானைக் கழற்றினால் இழுப்பு அதிகமாகி அடுப்பு நன்றாக எரிவது போலத் தோன்றும் என்பது உண்மை. ஆனால் அதற்குப் பெயர் வெப்பத்தைப் புகைபோக்கியின் வழியே வாரி இறைத்தல். சட்டமும் இடங்கொடாது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் 1988-ல் புதிய கணப்புகளுக்கு விதிகள் வகுத்தது. அவற்றின்படி செய்த எரிப்பான் வைத்த அடுப்பை, எரிப்பான் இல்லாமலோ அது செயலிழந்த நிலையிலோ எரிப்பது சட்ட விரோதம் என்று அடுப்பில் ஒட்டிய தகடே சொல்லுகிறது. பழங்கால அடுப்புகள் மணிக்கு 15 முதல் 30 கிராம் வரை புகைத்துகளை வெளிவிட்டன. 1990-ல் அமலுக்கு வந்த வரம்பு, எரிப்பான் இல்லாத அடுப்புக்கு 7.5 கிராம், எரிப்பான் உள்ளதற்கோ 4.1 கிராமே. நல்லதற்கு ஏன் கடுமையான வரம்பு? எரிப்பான் நாளாக ஆகச் சக்தி குன்றும் என்று தெரிந்தே, தொடக்கத்தில் அதனிடம் அதிகம் கேட்டார்கள். 2020-ல் எல்லாப் புதிய அடுப்புகளுக்கும் வரம்பு 2 கிராமாகக் குறைந்தது; வெட்டு விறகிட்டுச் சோதித்தால் 2.5 கிராம்.

இந்தக் கிராம் கணக்கு வெறும் காகிதக் கணக்கன்று. மான்டானா ராஜ்யத்தில் லிப்பி என்று மலைகள் சூழ்ந்த சிற்றூர் ஒன்று உண்டு. குளிர்காலத்தில் அடுப்புப் புகை பள்ளத்தாக்கை விட்டு வெளியேற வழியின்றி அங்கேயே தேங்கி நிற்கும். 2005 முதல் 2007 வரை அவ்வூரில் 1,000-க்கு மேற்பட்ட பழைய அடுப்புகளை மாற்றிப் புகை குறைந்த அடுப்புகளை வைத்தார்கள். குளிர்காலக் காற்றில் நுண்துகள் தெளிவாகக் குறைந்தது. குழந்தைகளுக்கு மூச்சிரைப்பு என்று பெற்றோர் கூறிய குறைகளும் குறைந்தன.

நம் நாட்டுக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. 1980-களில் நமது மத்திய சர்க்கார் புகையில்லா அடுப்புத் திட்டத்தைத் தொடங்கி, 2002-ல் அது முடிவதற்குள் மூன்று கோடிக்கு மேற்பட்ட அடுப்புகளை வீடுகளில் வைத்தார்கள். எத்தனையோ அடுப்புகள் பழுது பார்ப்பாரின்றிக் கைவிடப்பட்டன. பின்னர் ஒடிஷாவில் 2,000-க்கு மேற்பட்ட குடும்பங்களிடையே சில வருஷங்கள் நடந்து, 2016-ல் வெளியான ஆராய்ச்சி ஒன்றும் இதையே காட்டியது. புகைபோக்கி வைத்த புதிய மண் அடுப்பினால் முதல் வருஷம் பெண்கள் சுவாசித்த புகை குறைந்தது. பிறகு அடுப்பைச் சரியாகப் பேணாததால் அந்த நன்மை மறைந்துவிட்டது. வெர்மான்ட்டின் இரும்புக் கணப்புக்கும் ஒடிஷாவின் மண் அடுப்புக்கும் எவ்வளவோ தூரம். கெட்ட விதம் மட்டும் ஒன்றுதான்.

நல்ல சாதனத்தைக் கண்டுபிடிக்க விஞ்ஞானி போதும். வீட்டில் கொண்டுவந்து வைக்கச் சர்க்கார் போதும். அதை வருஷா வருஷம் துடைத்துக் கழுவிப் பழுது பார்ப்பது மட்டும் அந்தந்த வீட்டாரைத் தவிர வேறெவராலும் ஆகாது. ஒவ்வொரு அடுப்பின் முன்னும் ஒரு போலீஸ்காரரை நிறுத்த எந்தத் தேசத்திலும் முடியாது. சுயராஜ்யம் என்று நாம் சொல்லிக்கொண்டிருப்பதன் ஒரு சிறு பகுதி, யாரும் பார்க்காத இடத்தில் நம் வீட்டுப் புகையை நாமே அடக்கிக்கொள்வது.

ஆதலின் நமது நேயர் முதற் பனி விழுமுன் புதிய தேன்கூட்டைப் பொருத்திவிடுவாராக. வர்ணப் பலகைக்கும் வீட்டுக் குப்பைக்கும் அந்த அடுப்பில் இனி இடமில்லை என்று வீட்டாருக்குச் சொல்லிவைப்பாராக. குளிர் தொடங்கிக் கணப்பு சூடேறிய முதல் மாலையில், அண்டை வீட்டுக்காரரையும் அழைத்துக்கொண்டு முற்றத்தில் சற்று நின்று புகைபோக்கியின் உச்சியை இருவருமாகப் பார்க்கட்டும். அங்கே என்ன தெரிந்தது என்பதை நமக்கு எழுதினால் மகிழ்வோம்.