காமிராவுக்குக் காவல் யார்?

பனியன் கம்பெனி முதலாளி ஒருவரிடம் "உமது கம்பெனிக்குக் காவல் உண்டா?" என்று கேட்டுப் பாருங்கள். "வாசலில் காவற்காரன் இருக்கிறான், நாலு மூலையிலும் காமிரா இருக்கிறது" என்பார். திருப்பூரை அடுத்த முதலிபாளையம் சிட்கோ தொழிற்பேட்டையிலும் இந்தப் பதிலே கிடைக்கும். "அந்தக் காமிராவுக்குக் காவல் யார்?" என்று கேட்டால்தான் விழிப்பார்!

இது வேடிக்கைப் பேச்சு அன்று. 2016-ஆம் ஆண்டில் 'மிராய்' என்னும் நச்சு நிரல், இணையத்தோடு சேர்ந்த காமிராக்களை உலகெங்கும் தேடித் திரிந்தது. தயாரித்தவர்கள் வைத்தனுப்பிய பெயரும் கடவுச்சொல்லுமாகச் சுமார் 60 ஜோடிகளே அதன் சாவிக் கொத்து. மாற்றாத பூட்டுகள் திறந்துகொண்டன. அவ்வாண்டு அக்டோபர் 21-ந் தேதி அந்தக் காமிராப் படை, அமெரிக்காவின் 'டைன்' நிறுவனத்தின்மீது பொய்க் கோரிக்கைகளை வெள்ளமாய்ப் பொழிந்தது. தளங்களின் பெயரைச் சொன்னால் விலாசம் காட்டும் நிறுவனம் அது. ஆகவே டுவிட்டர் முதலிய பெருந்தளங்கள் பலருக்குப் பல மணி நேரம் எட்டாமற் போயின. காமிராவின் சொந்தக்காரர்களோ, தம் வீட்டுக் கல் ஊரார் மண்டையை உடைத்ததை அறியாமலே இருந்தார்கள்!

ஆதலால் வாசலில் நிற்கும் 'ஃபயர்வால்', உள்ளே வருவதை மட்டுமன்றி வெளியே போவதையும் சோதிக்க வேண்டும். காமிராவுக்கு முகமறியா ஊர்களோடு என்ன பேச்சு?

வாசற்காவல் தவறினாலும் காப்பது உட்கதவு. கூடங்குளம் அணுமின் நிலையத்தில் நச்சு நிரல் தென்பட்டதை, மத்திய சர்க்காரின் 'செர்ட்-இன்' அமைப்பு 2019 செப்டம்பர் 4-ந் தேதி தெரிவித்தது. அணுமின் கழகமும் அக்டோபர் 30-ந் தேதி அதை ஒப்புக்கொண்டது. நோய் பற்றியது, நிர்வாக வேலைக்காக இணையத்தோடு சேர்ந்திருந்த ஒரு கணினியை. முக்கியமான உள் வலையமைப்பு அதிலிருந்து தனியே பிரிக்கப்பட்டிருந்தது; நிலையத்தின் யந்திர அமைப்புகளுக்குப் பாதிப்பில்லை என்று கழகம் அறிவித்தது.

அணு உலைக்கு உகந்த விவேகம் பின்னலாடைக்கும் உகந்ததே. வெளிநாட்டு ஆர்டர்களும், சம்பளக் கணக்கும், காமிராவும், விருந்தினர் கைபேசியும் ஒரே வலையில் கிடந்தால், ஓர் ஓட்டை எல்லாவற்றையும் திறந்துவிடும். தனித்தனிப் பாதை வகுப்பது பெருஞ்செலவுமன்று. மீறித் தீங்கு நேர்ந்தால் மறைக்கலாகாது. அறிந்த 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022-ஆம் ஆண்டின் உத்தரவு.

நம் வீடுகளிலும் காமிரா வந்துவிட்டது. வாங்கிய நாளில் இருந்த கடவுச்சொல்லே இன்றும் இருக்கிறதா? நேயர்கள் இன்று மாலையே பார்த்து மாற்றிவிடலாமே!